தொக்சிம் சித்தியின் இடுப்புப் பிளாஸ்திரி

தொக்சிம் சித்தி வேலை செய்யும்போது போட்டிருப்பது இரண்டே துணி. கறுப்பு உள்பாடி, கறுப்பு ஜட்டி. பெண்கள் குளியல் கூடத்தில் அழுக்குத் தேய்த்துவிடுகிறவர்கள் எல்லாருமே அப்படித்தான் நிற்பார்கள். சுற்றி இருக்கும் அத்தனை பேரும் பிறந்தமேனியாக இருக்கிற இடத்தில், இவள் குளிக்க வந்தவள் இல்லை, வேலைக்காரி என்று காட்டுவது அந்த இரண்டு துணிதான். அதில் பை கிடையாது, மடிப்பு கிடையாது. ஒரு பொருளை ஒளித்துவைக்க வேண்டுமென்றால் அவளுக்குத் தன் தோலைத் தவிர வேறு இடம் இல்லை.

கடலோர ஊரான மாசானில், மீன் சந்தைக்குப் பின்னால், மேட்டுத் தெருவில் இருக்கிறது உன்ஹா குளியல் கூடம். சந்தையில் மீன் வெட்டுகிற பெண்கள் கடையைச் சாத்திவிட்டு வாடையோடு வருவார்கள். வெந்நீர்த் தொட்டியில் ஊறி, சித்தியின் மேசையில் படுத்து, வாடை இல்லாமல் வீட்டுக்குப் போவார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாவோடு நானும் போகிறேன். சித்தி எனக்கு உறவில்லை. அம்மா வயதுப் பெண்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவளிடம் தேய்த்துக்கொள்ள வரிசையில் நிற்க வேண்டியதில்லை. துணிப் பெட்டியின் சாவி ரப்பர் வளையத்தில் எல்லார் மணிக்கட்டிலும் இருக்கும். அதைக் கழற்றி, மேசைக்குப் பின்னால் சுவரில் இருக்கும் கொக்கியில் மாட்டிவிட்டுத் தொட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். முறை வந்ததும் சித்தி சாவியின் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவாள். மேசையில் வெந்நீரை வாரி ஊற்றுவாள். சொரசொரப்பான பச்சைத் துணியை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு கழுத்திலிருந்து தொடங்குவாள். தொடையில் ஒரு தட்டு தட்டினால் திரும்பிப் படுக்க வேண்டும். பேச்சு நடந்துகொண்டே இருக்கும். அந்த மேசையில் படுத்துச் சொல்லப்படாத ரகசியம் எங்கள் தெருவில் கிடையாது. சித்தியின் ரகசியம் ஒன்றுதான் அங்கே யாருக்கும் தெரியாமல் இருந்தது.

அவளுக்கு நீரிழிவு. அதுவும் வயதான பிறகு மெல்ல வருகிற வகை இல்லை. உடம்பே தன் இன்சுலின் சுரக்கும் இடத்தைத் தாக்கி அழித்துவிடுகிற வகை. தின்றதால் வந்ததில்லை, சோம்பலால் வந்ததில்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றவும் தொற்றாது. இதை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் படம் போட்டு அவளுக்கு விளக்கினாராம். அப்போது அவளுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அதற்கு முன்னால் அவள் தோங்யோங் பக்கத்துத் தீவு ஒன்றிலிருந்து மாசானுக்கு வந்து, ஏற்றுமதித் தொழிற்சாலையில் வானொலிப் பெட்டிக்குள் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அங்கேயே ஒருவரைப் பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டாள்.

"டாக்டர் சொன்னதெல்லாம் எனக்கு நல்லாப் புரிஞ்சுது," என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். "வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்றதுன்னுதான் புரியலை."

மாமியார் அன்று இரவுச் சாப்பாட்டிலேயே அவளுக்குக் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாளாம். நாங்கள் குழம்புச் சட்டியை நடுவில் வைத்து எல்லாரும் ஒரே சட்டியில் கரண்டி விட்டுச் சாப்பிடுகிறவர்கள். தனிக் கிண்ணம் விருந்தாளிக்கு வைப்பார்கள், இல்லையென்றால் நோயாளிக்கு. கணவர் எப்போதும்போல நடுச் சட்டியிலேயே கரண்டி விட்டார். ஒரு வருடம் அந்தக் கிண்ணத்தில் சாப்பிட்டுவிட்டு அவள் கிளம்பி வந்துவிட்டாள்.

எங்கள் பேச்சில் அந்த நோயின் பெயர் தங்நியோ. முதல் பாதி சர்க்கரை. பின்பாதி மூத்திரம். வேறு எங்கே வேலை செய்தாலும் அந்தப் பின்பாதியை ஜனங்கள் கவனிக்காமல் விட்டுவிடலாம். ஆனால் பத்துப் பேர் ஒரே தொட்டியில் கழுத்துவரை முங்கி உட்கார்கிற இடத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் முதலில் எது ஞாபகம் வரும்? சித்திக்கு அது தெரியும். அதனால் உன்ஹாவில் மேசை கிடைத்த நாளிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. துண்டு காயப்போடும் பாய்லர் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, நின்றபடியே வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு வருவாள்.

சர்க்கரை சட்டென்று இறங்கிவிட்டால் ஷிக்ஹ்யே வாங்கி ஒரே மூச்சில் குடிப்பாள். அது சோறு மிதக்கும் இனிப்புப் பானம், வாசல் கடையில் ஐஸ் போட்டு விற்பார்கள்.

"பாருங்கடி, தொக்சிம் ரெண்டாவது டம்ளரைக் கவுத்துட்டா!" என்று தொட்டியிலிருந்து யாராவது கத்துவார்கள். "தேய்க்கறது எங்களை, தேயறது ஷிக்ஹ்யே பானை!"

சித்தியும் சிரிப்பாள். அந்தச் சமயத்தில் அவளுக்குக் கால் நடுங்கிக்கொண்டிருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அவளுடைய பழைய வாடிக்கை சுன்ரே அக்கா. சந்தையில் அகலவாய் மீன் விற்கிறவள், அவள் குரல் எங்கள் தெருவின் மேல்கோடிவரை கேட்கும். ஒருநாள் அவள் முதுகைத் தேய்க்கும்போது சித்திக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. தலை வேலை செய்யவில்லை, கை மட்டும் ஒரே இடத்தில் போய்வந்துகொண்டே இருந்தது.

"ஏண்டி, என் முதுகுல செதில் இருக்குன்னு நெனச்சியா? குழம்புக்கா என்னைச் சுத்தம் பண்றே?" என்று சுன்ரே அக்கா எழுந்து உட்கார்ந்தாள். பார்த்தால் தோல் உரிந்து சிவந்திருந்தது. சித்தி மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெந்நீர் ஆவி ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் டாக்டர் பிடிவாதமாக இன்சுலின் பம்ப் வைக்கச் சொன்னார். தோலில் ஒட்டிக்கொள்கிற வகை, குழாய் கிடையாது, தண்ணீரில் நனையலாம். பாதி முட்டை அளவு. அதோடு சர்க்கரையை அளக்க ஒரு நாணயம் அளவு சென்சார், அது ஜட்டிக்குள்ளேயே மறைந்துவிடும். சூட்டில் மருந்து கெட்டுவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும், முடிந்தால் இந்த வேலையையே விட்டுவிடுங்கள் என்றாராம் டாக்டர். கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றதையெல்லாம் சித்தி கேட்டுக்கொண்டாள்.

பம்ப்பை எப்படி மறைப்பது? அதற்கு அவள் கண்டுபிடித்த வழியை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. எங்கள் ஊரில் உழைக்கிற பெண் யாருடைய உடம்பிலும் வலிப் பிளாஸ்திரி இல்லாமல் இருக்காது. தோளில் ஒன்று, முட்டியில் ஒன்று, இடுப்பில் இரண்டு. குளியல் கூடத்தில் பிளாஸ்திரி உரித்த சதுரத் தடம் இல்லாத முதுகைப் பார்க்கவே முடியாது. சித்தி பம்ப்பை இடுப்பில் ஒட்டி, அதன்மேல் தோல் நிறத்தில் பெரிய பிளாஸ்திரி ஒன்றை ஒட்டிவிட்டாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இடுப்பு போச்சாடி?" என்று சுன்ரே அக்கா மட்டும் கேட்டாள்.

"போச்சு அக்கா."

"நல்லா வீங்கியிருக்கே! மேசைக்குப் போறதுக்குள்ள சூடு ஒத்தடம் குடு."

அவ்வளவுதான். அந்தக் கோடையும் இலையுதிர் காலமும் சித்தி நன்றாக இருந்தாள். நான் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரியும் கிடைக்காமல் வேலையும் நிலைக்காமல் திரிந்த நாட்கள் அவை. கூட்டம் இல்லாத மத்தியானங்களில் போய் அவளோடு உட்கார்ந்திருப்பேன். பாய்லர் அறைக்கு ஓடாமல், எங்களோடு உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டாள். ஒருநாள் நான் கேட்காமலேயே பிளாஸ்திரியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். "இது எனக்குப் பதிலா கணக்குப் போடுது," என்றாள். "ராத்திரி தூங்கறேன்டி, சோல்ஹி. எழுந்திருப்பேனா மாட்டேனான்னு யோசிக்காம தூங்கறேன்."

வருடப் பிறப்புக்கு முந்தின நாள் அது கெட்டது.

பழைய வருடத்து அழுக்கோடு புது வருடத்துக்குள் போகக் கூடாது என்று அன்றைக்கு ஊரே குளிக்க வரும். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளும் வந்திருப்பார்கள். கொக்கிகள் நிறைந்து, ஒரு கொக்கியில் இரண்டு சாவி தொங்கியது. சித்தி காலையிலிருந்து நிமிரவில்லை. அவ்வளவு நேரம் அவ்வளவு ஆவியில் எந்தப் பிளாஸ்திரி நிற்கும்? ஒரு பக்கம் ஊறி, உரிந்து, கீழே தொங்கிவிட்டது. அவள் கவனிக்கவில்லை.

மேசையில் அப்போது படுத்திருந்தது யேவொன், சுன்ரே அக்காவின் தம்பி மகள். தலைநகர் சியோலில் படிக்கிறாள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மல்லாந்து படுத்திருந்தவளின் முகத்துக்கு நேராக சித்தியின் இடுப்பு இருந்தது.

"சித்தி, அது என்ன?" என்று அவள் முதலில் மெதுவாகத்தான் கேட்டாள்.

"எது கண்ணு?"

"உங்க இடுப்புல. பச்சையா லைட்டு எரியுது."

சித்தியின் கை சட்டென்று இடுப்பைப் பொத்திக்கொண்டது. அந்தக் கை போன வேகம்தான் கெடுத்தது. சாதாரணமாக, "மருந்துடி, திரும்பிப் படு," என்று சொல்லியிருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும்.

"கையை எடுங்க! கையை எடுங்கன்னா!" யேவொன் மேசையிலிருந்து குதித்துவிட்டாள். "அத்தை! இவங்க கேமரா வெச்சிருக்காங்க! இடுப்புல கேமரா!"

அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் வயதுப் பெண்கள் எந்தப் பொதுக் கழிப்பறைக்குப் போனாலும் முதலில் சுவரில் இருக்கும் ஆணி ஓட்டைகளைத்தான் பார்ப்போம். ஓட்டைக்குள் காகிதத்தைத் திணித்துவிட்டுத்தான் உட்காருவோம். பேனாவுக்குள், கடிகாரத்துக்குள், சட்டைப் பொத்தானுக்குள் கேமரா இருந்தது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நான் அந்த இடத்தில் படுத்திருந்தாலும் அதைத்தான் கத்தியிருப்பேன்.

கூடம் முழுக்கக் கூச்சல். வாளியை, முக்காலியை, அகப்பட்டதை எடுத்து எல்லாரும் மறைத்துக்கொண்டார்கள். அம்மா என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

சுன்ரே அக்கா மட்டும் எதையும் மறைக்காமல் தொட்டியிலிருந்து எழுந்து வந்தாள். "என்னடி இது, தொக்சிம்? இத்தனை வருஷமா என் முதுகைத் தேய்க்கறே. அதைப் படம் எடுத்து யாருக்குடி விக்கறே? வாங்கறவன் கண்ணு அவிஞ்சு போயிடுமே!"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க அக்கா," என்றாள் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி. "எங்க பாப்பா இங்க இருக்கா."

சிரிப்பு நின்றது.

"சரிடி, என்னன்னு சொல்லு. சொன்னா முடிஞ்சு போச்சு," என்றாள் சுன்ரே அக்கா.

"பிளாஸ்திரி அக்கா. இடுப்பு வலிக்கு."

"பிளாஸ்திரிக்கு எதுக்குடி லைட்டு? ராத்திரி வழி தேடிப் போகவா?"

சித்தி இடுப்பைப் பொத்திய கையை எடுக்கவில்லை. எனக்குத் தெரியும், நானே சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அவள் என்னைப் பார்த்துத் தலையை மிக லேசாக அசைத்தாள். வேண்டாம் என்று. கேமராக்காரி என்று நினைத்தாலும் பரவாயில்லை, அதைச் சொல்லாதே என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

யாரோ போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பெண் போலீஸ் வந்தார்கள். காலணியைக் கழற்றி, கால்சட்டையை முட்டிவரை மடித்துக்கொண்டு, ஈரத்தில் வழுக்காமல் மெதுவாக நடந்து வந்தார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"அம்மா, வெளியில துணி மாத்தற இடத்துக்கு வாங்க. அங்க பேசலாம்," என்றாள் மூத்தவள்.

"எதுக்கு வெளியில? இங்கயே சொல்லட்டும்," என்றார்கள் பெண்கள். "எங்க உடம்பு சமாசாரம். நாங்க கேக்கணும்."

போலீஸ்காரி சித்தியைப் பார்த்தாள். சித்தி கையை எடுத்தாள்.

"மருந்து மிஷினுங்க."

"என்ன மருந்து?"

"இன்சுலின்."

சிலருக்குப் புரிந்தது, சிலருக்குப் புரியவில்லை. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். அவள் காதில் சொன்னாள். சுன்ரே அக்காதான் சத்தமாகக் கேட்டாள். "தங்நியோவாடி உனக்கு?"

"ஆமா அக்கா."

குழாய் ஒன்று மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மூத்த போலீஸ்காரி பம்ப்பைக் குனிந்து பார்த்தாள். தன் சித்தப்பா மகன் இதே மாதிரி ஒன்று வைத்திருப்பதாகச் சொன்னாள். சிரமம் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். யேவொன் தலைமுடி தரையில் படும்படி குனிந்தாள். "மன்னிச்சுடுங்க சித்தி. எனக்குத் தெரியாது. நிஜமாவே தெரியாது."

"நீ கத்தினது சரிதான் கண்ணு," என்றாள் சித்தி. "கத்தணும். விடக் கூடாது."

போலீஸ் போனார்கள். தீர்ந்தது என்று நான் நினைத்தேன்.

குழந்தை வைத்திருந்தவள்தான் முதலில் நகர்ந்தாள். தொட்டிக்குள் ஓரமாக அவளுடைய மூத்த மகள் உட்கார்ந்திருந்தாள். அவளை அக்குளில் கை கொடுத்துத் தண்ணீரிலிருந்து தூக்கினாள். பிறகு இன்னொருத்தி எழுந்தாள். பிறகு இரண்டு பேர். யாரும் ஓடவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. குழாயடிக்குப் போய், குளித்து முடித்தவர்கள் மறுபடியும் சோப்புப் போட ஆரம்பித்தார்கள். தொட்டியில் தண்ணீர் மட்டும் அலைந்துகொண்டிருந்தது. அப்புறம் கொக்கிப் பக்கம் வந்தார்கள்.

"நேரமாயிடுச்சு தொக்சிம், நாளைக்குப் படையல் வேலை இருக்கு."

"அரிசி ஊறப் போட்டுட்டு வந்தேன்."

"இன்னொரு நாள் வரேன் தொக்சிம்."

சாவிகள் ஒவ்வொன்றாகப் போயின. சித்தி எல்லாருக்கும் தலையாட்டினாள். "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க," என்றாள். "புது வருஷம் நல்லா இருக்கட்டும்."

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என்னைக் கேட்டாள். "நீ நல்லாச் சோப்புப் போட்டியா?"

"அது தொத்து நோய் இல்லம்மா."

"தெரியும்டி. எனக்கு மட்டும் தெரியாதா? ஆனா பேரைக் கேட்டதும் உடம்பு கூசுதே, அதுக்கு நான் என்ன பண்ண?"

பண்டிகை முடிந்து கூடம் திறந்தபோது முதலாளியம்மா தொட்டித் தண்ணீரை முழுக்க வடித்து, பதித்திருந்த ஓடு ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவியிருந்தாள். கழுவியதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் இன்னும் மோசமானது. கழுவினார்கள் என்றால் கழுவ ஏதோ இருந்திருக்கிறது என்று ஆகிவிட்டது.

சித்தி கறுப்புத் துணியில், மேசையைத் துடைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கொக்கிகள் சும்மா இருந்தன. நான் என் சாவியை மாட்டினேன். அது ஒன்றுதான் தொங்கியது. என்னைத் தேய்த்துவிட்டு மறுபடி போய் நின்றாள். மறுநாளும் போனேன், மறுநாளும் நான்தான். மூன்றாம் நாள் அவளே திட்டினாள். "தினமும் தேய்ச்சா தோல் போயிடும்டி. போ, வேலை தேடு."

பெண்கள் துணி மாற்றும் இடத்தில் தலை காயவைத்துக்கொண்டே பேசுவார்கள். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, தலை காயவைக்கும் மிஷின் சத்தத்துக்கு மேல் பேசுவார்கள்.

"பாவம்தான். ஆனா வாயைக் கட்டியிருக்கணும்."

"அந்த ஷிக்ஹ்யே! நான் அப்பவே சொன்னேன்ல?"

"கையில ஏதாச்சும் வெட்டுக் காயம் இருந்து, அது நம்ம மேல பட்டா?"

"சொல்லாம மறைச்சாளே, அதுதான்டி எனக்குத் தாங்கலை."

நான் சந்தைக்குப் போய் சுன்ரே அக்காவிடம் பேசினேன். அவள் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். அவள் மீனைக் கவிழ்த்துப் போட்டு வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க ஒரு தடவை மேசையில படுங்க. அது போதும்."

"எனக்கென்னடி? நான் நாளைக்கே படுப்பேன். எனக்கு ஒண்ணுமில்ல." கத்தியால் குளியல் கூடத்துப் பக்கம் காட்டினாள். "ஆனா நான் எந்திரிச்சு வந்து தொட்டியில உக்காந்தா, பக்கத்துல இருக்கறவ தள்ளி உக்காருவாளே? என் மீனை நாளைக்கு எவ வாங்குவா?"

"அது அவங்க தின்னதால வந்ததில்ல அக்கா. உடம்பே..."

"எதால வந்தா என்னடி? வந்துடுச்சே." குனிந்து, பலகைக்குக் கீழே இருந்து ஒரு பையை எடுத்தாள். காய்ந்த பாகற்காய் வில்லைகள். "இதைக் குடு. டீ போட்டு மூணு வேளை குடிக்கச் சொல்லு. என் ஓர்ப்படிக்கு இதுலதான் இறங்குச்சு. அந்த மிஷினைப் பிடுங்கிக் கடாசச் சொல்லு முதல்ல. அதைப் பார்த்தாத்தான்டி எல்லாருக்கும் பயம்."

முதலாளியம்மாவும் அதையேதான் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. சித்தியைக் கூப்பிட்டு, காபி போட்டுக் கொடுத்து, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினாள்.

"தொக்சிம், உன்னைப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா மேசையைக் கேட்டு ஒருத்தி ரெண்டு தடவை வந்துட்டா. எத்தனை நாளைக்கு அவளைத் திருப்பி அனுப்ப?"

சித்தி காபியைத் தொடவில்லை.

"அதைக் கழட்டிடு. வெறும் இடுப்போட ஒரு வாரம் நில்லு, எல்லாரும் பார்க்கட்டும். கேட்டா, போயிடுச்சுன்னு சொல்லு."

"போகாத நோய்ங்க அது. சாகறவரைக்கும் இருக்கும்."

"எனக்குத் தெரியும்மா. யாரு உன் ரத்தத்தை எடுத்துப் பார்க்கப் போறா? இடுப்பைத்தான் பார்ப்பாங்க."

"கழட்டாதீங்க சித்தி," என்றேன். "வேற வேலை பார்க்கலாம். நானும் சேர்ந்து தேடறேன்."

"நீ தேடிக்கிட்டிருக்கற மாதிரியா?" என்று சித்தி சிரித்தாள். அவள் என்னைக் கிண்டல் செய்தது அதுதான் கடைசி. "ஐம்பத்தி நாலு வயசு. ரெண்டு கையைத் தவிர ஒண்ணும் தெரியாது. ஓட்டல்ல தட்டுக் கழுவக் கேட்டுப் பார்த்தேன்டி. நோய் ஏதாவது உண்டான்னு கேக்கறாங்க. பொய் சொல்றதுன்னு ஆயிட்டா, என் மேசையிலேயே சொல்றேனே."

அடுத்த நாள் அவள் பம்ப் இல்லாமல் வந்தாள். அது ஒட்டியிருந்த இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது. பிளாஸ்திரிகூட ஒட்டவில்லை. வேண்டுமென்றே குழாயடிப் பக்கமும் தொட்டிப் பக்கமும் நடந்தாள். எல்லாரும் பார்த்தார்கள்.

"போயிடுச்சாடி?" என்று சுன்ரே அக்கா தொட்டியிலிருந்து கேட்டாள்.

"போயிடுச்சு அக்கா."

"பாகற்காய்!" சுன்ரே அக்கா தண்ணீரை இரண்டு கையாலும் அடித்தாள். "நான் சொன்னேனா இல்லையா? டாக்டருங்க இடுப்புல மிஷினை ஒட்டி அனுப்பறானுங்க, நான் மீன் பலகைக்குக் கீழ இருந்து மருந்து குடுத்து அனுப்பறேன். யாரு கெட்டிக்காரி?" எழுந்து வந்து தன் சாவியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். "வாடி, என் முதுகு ஒரு மாசமா உன்னைத்தான் கேக்குது. இந்தத் தடவை செதில் எடுக்காதே!"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாரமே சாவிகள் திரும்பி வந்துவிட்டன. எங்கள் அம்மாவும் மாட்டினாள். பாகற்காய் எங்கே கிடைக்கும் என்று நாலு பேர் கேட்டுப் போனார்கள். சித்திக்கு இது சந்தோஷமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலை செய்தாள், பேசினாள், தொடையில் தட்டித் திருப்பிப் போட்டாள்.

பாய்லர் அறைக்கு மட்டும் அவள் போகவில்லை. இப்போது எல்லாருடைய கண்ணும் அவள்மேல் இருந்தது. அவள் எங்கே போகிறாள், என்ன குடிக்கிறாள், கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஊசியைக் காலையில் வீட்டில் போடுவாள், பிறகு ராத்திரி வீட்டில் போடுவாள். அதுவும் குறைத்துத்தான் போடுவாள் என்று ஒருநாள் தெரிந்துகொண்டேன்.

"ஏன் சித்தி? டாக்டர் சொன்ன அளவு போட வேண்டாமா?"

"முழு அளவு போட்டா வேலை நடுவுல இறங்கிடும். இறங்கினா ஷிக்ஹ்யே குடிக்கணும், இல்லேன்னா விழணும். ரெண்டையும் எல்லாரும் பார்ப்பாங்க." சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஏறினா யாருக்கும் தெரியாதுடி. ஏறினது வெளியில தெரிய நாளாகும்."

ஏறிக்கொண்டுதான் இருந்தது. பெரிய பாட்டிலில் தண்ணீர் வைத்துக் குடித்துக்கொண்டே இருப்பாள். வசந்தம் வருவதற்குள் கறுப்பு உள்பாடி தோளில் தொளதொளவென்று ஆகிவிட்டது. விலா எலும்பு தெரிந்தது.

"என்னடி இது, இடுப்பு கொடி மாதிரி ஆயிட்டுது!" என்பார்கள் பெண்கள். "முன்னைவிட இப்பத்தான்டி அழகா இருக்கே. அந்தப் பாகற்காயை எங்களுக்கும் கொஞ்சம் குடு!"

"சந்தையில கேளுங்க," என்பாள் சித்தி.

நான் இரண்டு முறை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். விடுமுறை நாளில் போகலாம் என்றாள். விடுமுறை நாளில் தூங்கினாள். கதவைத் தட்டினால், "களைப்பா இருக்குடி, அடுத்த வாரம்," என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? சொன்னால், அந்த மேசை போய்விடும். சொல்லாவிட்டால் அவள் போய்விடுவாள். இதை எழுதுகிற இன்றுவரை எனக்கு வழி தெரியவில்லை. படிக்கிற யாருக்காவது தெரிந்தால் நல்லது.

போன வாரம் ஒரு மத்தியானம் போயிருந்தேன். கூட்டம் இல்லை. பாய்லரைப் பழுதுபார்க்க நிறுத்தியிருந்ததால் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, ஆவி எழவில்லை. கடல் காற்று உள்ளே வந்து எனக்குக் குளிர்ந்தது. சித்தி என் கையை நீட்டிப் பிடித்துத் தேய்த்தாள். தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள். பிறகு குனிந்து, என் கையை அவள் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"சோல்ஹி, அழுக்கு வருதா பாருடி."

"என்ன சித்தி?"

"உருண்டு வருதா இல்லையான்னு பாரு. எனக்குத் தெரியலை."

பார்த்தேன். அழுக்கு ஒன்றும் இல்லை. தோல் சிவந்து எரிந்தது.

"போதும் சித்தி. சுத்தமாயிடுச்சு."

"ஒரே ஆவியா இருக்கு இன்னைக்கு. முன்னால இருக்கறது தெரிய மாட்டேங்குது." அவள் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போய் அந்த ஜன்னலைத் தொறந்து விடுடி, ஆவி போகட்டும்."

ஜன்னல் காலையிலிருந்தே திறந்துதான் இருந்தது. நான் எழுந்து போனேன். சத்தம் கேட்கிற மாதிரி அதை ஒருமுறை சாத்திவிட்டு, மறுபடி திறந்தேன்.

"இப்பப் பரவாயில்ல," என்றாள் சித்தி.